கிறிஸ்து அரசர் பெருவிழாவுக்கு ஒரு வாரத் தயாரிப்பு: எங்கள் அன்பியத்தில் செய்யும் முறை

எங்கள் கத்தோலிக்கப் பங்கில் (ஒரு கோவிலைச் சேர்ந்த சபையில்) கிறிஸ்து அரசர் சுரூபத்துக்குப் போர்த்துகிற சிவப்பு வெல்வெட் மேலாடையைத் தைத்துக் கொடுப்பது என் பொறுப்பு. திருச்சியில் சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். நாலடிச் சுரூபத்துக்கு மூன்று மீட்டர் வெல்வெட், ஓரம் முழுக்கச் சரிகை பார்டர். வெல்வெட்டை அப்படியே போர்த்தினால் வழுக்கிக்கொண்டே இருக்கும். அதனால் உள்ளே நூல் துணியில் லைனிங் கொடுக்க வேண்டும். முதல் வருடம் என் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையைத்தான் லைனிங்குக்கு வெட்டினேன். இன்றைக்கும் அதே லைனிங்கைத்தான் பிரித்துப் பிரித்துப் புது வெல்வெட்டில் வைத்துத் தைக்கிறேன். வெளியே தெரியாது.

மேலாடை, ஜோடித்த சப்பரம், பேண்டு வாத்தியம், "கிறிஸ்து அரசர் வாழ்க" என்ற கோஷம் எல்லாம் நமக்குப் பழகியவைதான். ஆனால் அந்த அரசருக்கு முன்னால் நிற்க வீட்டிலும் அன்பியத்திலும் (பங்கில் பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு செபக்குழு) எப்படித் தயாராவது என்று கேட்டால் பல பேருக்குத் தெரியவில்லை. புதிதாக அன்பியப் பொறுப்பு ஏற்கிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். நாங்கள் செய்வதை அப்படியே எழுதுகிறேன். உங்கள் ஊருக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நாள் கணக்கு. இந்த விழா கத்தோலிக்கத் திருச்சபையின் திருவழிபாட்டு ஆண்டின் கடைசி ஞாயிறு. அடுத்த ஞாயிறு, கிறிஸ்து பிறப்புக்குத் தயாராகும் திருவருகைக்காலம் தொடங்கிவிடும். 2026இல் நவம்பர் 22. திருத்தந்தை (போப்) பதினொன்றாம் பயஸ் 1925 டிசம்பர் 11 அன்று இந்த விழாவை ஏற்படுத்தினார். முதல் உலகப் போர் முடிந்து, பெரிய பெரிய பேரரசுகள் சரிந்து, அந்த இடத்தில் நாட்டுவெறி தலைதூக்கிய நேரம் அது. அப்போது விழா அக்டோபர் கடைசி ஞாயிறில் இருந்தது. 1969இல்தான் ஆண்டின் இறுதி ஞாயிறுக்கு மாற்றினார்கள்.

இதற்கு முந்தின ஞாயிறு என்ன நாள் என்று பல அன்பியங்களில் கேட்டிருக்கிறேன், பெரும்பாலும் பதில் வராது. அது உலக வறியோர் நாள். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 டிசம்பர் 8 அன்று இரக்கத்தின் யூபிலி (சிறப்புப் புனித) ஆண்டைத் தொடங்கி, 2016 நவம்பர் 20 அன்று முடித்தார். முடித்து வைத்த அந்த நாள் கிறிஸ்து அரசர் பெருவிழா. அந்த முடிவுநாள் மடலில்தான் வறியோர் நாளையும் அறிவித்தார், அரசர் பெருவிழாவுக்கு அதுவே தகுந்த தயாரிப்பு என்று சொல்லி. ஆக, ஒரு ஞாயிறு ஏழைகளுக்கு, அடுத்த ஞாயிறு அரசருக்கு. நடுவில் ஒரு வாரம் கையில் இருக்கிறது. நம்முடைய வேலை அந்த வாரத்தில்தான்.

ஞாயிறு மாலை: படமும் சிலுவையும்

பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வையுங்கள். கிறிஸ்து அரசர் படமோ, முடி சூட்டிய இயேசுவின் படமோ ஒன்றை எடுத்து மேசையில் வையுங்கள். பக்கத்தில் வீட்டில் இருக்கிற பாடுபட்ட சுரூபத்தை வையுங்கள். இரண்டையும் மாறி மாறிப் பார்க்கச் சொல்லுங்கள். இவர் அரசர் என்று எதை வைத்துச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். படத்தில் கிரீடம், செங்கோல், சிம்மாசனம் எல்லாம் உடனே சொல்லிவிடுவார்கள். சிலுவையைக் காட்டும்போது கொஞ்ச நேரம் அமைதி வரும். அந்த அமைதியை நீங்கள் பேசி நிரப்ப வேண்டாம். தலைக்கு மேல் இருக்கிற பலகையை யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும். நாசரேத்து இயேசு யூதர்களின் அரசர் என்று எபிரேயம், இலத்தீன், கிரேக்கம் என மூன்று மொழியில் எழுதி வைத்தார்கள் என்று யோவான் சொல்கிறார். கேலிக்கு எழுதியதுதான். ஆனாலும் எழுதியது உண்மை. எங்கள் அன்பியத்தில் ஒரு வருடம் ஆறு வயதுப் பையன் ஒருவன் எழுந்து, "இந்த ராஜாவுக்கு உட்கார நாற்காலியே இல்ல, நிக்கவே வச்சிட்டாங்க" என்றான். அன்றைக்கு நான் தனியாக மறைக்கல்வி எதுவும் நடத்தவில்லை.

படைவீரர்கள் அவருக்கு ஒரு செந்நிற அங்கியைப் போர்த்தி, முள்முடி வைத்து, கையில் கோலைக் கொடுத்து முழந்தாளிட்டு ஏளனம் செய்த பகுதியை (மத்தேயு 27:27-31) அன்று இரவு வாசியுங்கள். அந்த மேலாடையைத் தைக்கிறவள் என்பதால் எனக்கு அந்த வரிகளைக் கேட்காமல் ஊசி பிடிக்க வராது.

திங்களும் செவ்வாயும்: இரங்கும் என்று கேட்டவர்கள் அவரை எப்படிக் கூப்பிட்டார்கள்

இந்த இரண்டு நாளும் வாசகம்தான். மூன்று இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எரிகோவில் வழியோரம் உட்கார்ந்திருந்த பார்வையற்ற பர்த்திமேயு (மாற்கு 10:46-52), மகளுக்காக வந்த கானானியப் பெண் (மத்தேயு 15:21-28), சிலுவையில் பக்கத்தில் தொங்கிய குற்றவாளி (லூக்கா 23:39-43). ஒருவர் வாசிக்கட்டும். பர்த்திமேயுவின் குரலை மட்டும் வேறு ஒருவர் சத்தமாகச் சொல்லட்டும். முடிந்தால் கூட்டத்திலேயே கூச்சம் உள்ளவர் அதைச் சொல்லட்டும்.

சொல்லிப் பார்க்கும்போது ஒன்று பிடிபடும். பர்த்திமேயு "தாவீதின் மகனே" என்று கூப்பிடுகிறான். கானானியப் பெண்ணும் அதே பெயரைச் சொல்கிறாள். தாவீதின் மகன் என்றால் வரவேண்டிய அரசர். குற்றவாளி, "நீர் ஆட்சியுரிமை பெற்று வரும்போது என்னை நினைவிற்கொள்ளும்" என்கிறான். இரக்கம் வேண்டியவர்கள்தான் அவரை அரசர் என்று கண்டுகொண்டிருக்கிறார்கள். அவர் ஆட்சி செய்வதே இரங்குவதில்தான் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வயிற்றுப்பாடும் வலியும் சொல்லிக்கொடுத்தது. திருப்பலியில் நாம் "ஆண்டவரே இரக்கமாயிரும்" என்று சொல்கிறோமே, அதிலும் ஆண்டவர் என்ற அரசப் பெயரும் இரக்கமும் ஒரே மூச்சில்தான் வருகின்றன. ஒரு தியானத்தில் குருவானவர் ஒருவர் சொன்னதை இங்கே சேர்க்க வேண்டும்: பழைய ஏற்பாட்டில் இரக்கத்துக்கு வரும் எபிரேயச் சொல் ஒன்று 'ரஹமிம்'. கருப்பை என்று பொருள்படும் 'ரெஹெம்' என்ற சொல்லோடு பிறந்தது. அதைக் கேட்ட நாளிலிருந்து அம்மாவின் சேலையை லைனிங்கிலிருந்து எடுக்க எனக்கு மனம் வந்ததே இல்லை.

பெரிய பிள்ளைகள் இருந்தால் மனுநீதிச் சோழன் கதையையும் சொல்லுங்கள். எல்லாருக்கும் தெரிந்த கதை. கன்றைத் தேர்க்காலில் ஏற்றிக் கொன்றான் இளவரசன், தாய்ப்பசு வந்து மணியை அடித்தது, அரசர் தன் மகனைத் தேர்க்காலில் இட்டு நீதி செய்தார். திருவாரூர்க்காரர்கள் கல்தேரையே காட்டுவார்கள். அந்த நீதி எவ்வளவு பெரியது என்று பிள்ளைகள் முதலில் உணரட்டும், அதைக் குறைத்துப் பேசாதீர்கள். பிறகு கேளுங்கள்: பசு மணி அடிக்கிறது, சக்கரத்தின் கீழே இளவரசன் படுக்க வேண்டும், அப்போது அரசரே இறங்கி வந்து அந்த இடத்தில் தான் படுத்தால்? இயேசு சிலுவையில் உயிர்விட்ட கல்வாரியை நான் பிள்ளைகளுக்கு விளக்க இதைவிட நல்ல வழி கிடைக்கவில்லை. கன்று செத்தது சும்மா போகவில்லை, மணிச் சத்தம் கேட்காமல் போகவில்லை. நீதியும் நிற்கிறது, மகனும் பிழைக்கிறான்.

புதன்: கணக்கு நோட்டு

வாரத்தில் கடினமான நாள் இது. மத்தேயு 18:23-35, மன்னிக்க மறுத்த பணியாளன். அரசர் கணக்குக் கேட்கிறார், 10,000 தாலந்து கடன்பட்டவனை மன்னித்து விடுகிறார். அவன் வெளியே போய், தனக்கு 100 தெனாரியம் தரவேண்டியவனைப் பிடிக்கிறான்.

தொகையை நம் ஊர்க் கணக்கில் போட்டுக் காட்டாமல் இந்த உவமையைச் சொல்லாதீர்கள். ஒரு தெனாரியம் ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. ஒரு தாலந்து 6,000 தெனாரியம். ஆக 10,000 தாலந்து என்பது 6 கோடி நாள் கூலி. நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்தால் 3,000 கோடி ரூபாய். மற்றவனுடைய 100 தெனாரியம் 50,000 ரூபாய். பலகையிலோ பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கமோ சைபர்களோடு எழுதிக் காட்டுங்கள். ஐம்பதாயிரம் சின்னத் தொகை இல்லை என்பதையும் சொல்லுங்கள். நம் வீடுகளில் அந்தத் தொகைக்காகத் தூக்கம் போனவர்கள் இருக்கிறார்கள். உவமை அதை ஒன்றுமில்லை என்று சொல்லவில்லை. உனக்கு விட்டுக்கொடுத்ததை நினைத்துப் பார் என்கிறது.

அதன்பின் ஒவ்வொருவரும் ஒரு தாளில், தனக்கு யார் யார் என்ன தரவேண்டும் என்று எழுதட்டும். பணம் மட்டும் வேண்டாம். சொல்ல வேண்டிய மன்னிப்பு, கொடுக்காத மரியாதை, பங்கு பிரிக்கும்போது போன மரம் வரைக்கும் எழுதலாம். தாளை யாரும் வாங்கிப் பார்க்கக் கூடாது. வாசிக்கவும் சொல்லக் கூடாது.

என் தாளைப் பற்றிச் சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால், கணவரை இழந்த ஒரு பெண் மகள் கல்யாணத்துக்குப் பதினோரு ஜாக்கெட் தைக்கக் கொடுத்தார். 3,200 ரூபாய் பாக்கி. இரண்டு வருடம் ஆகியும் வரவில்லை. ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் பத்துப் பேர் நடுவில், "பட்டு வாங்கக் காசிருக்கு, தைச்சவளுக்குக் கொடுக்கக் காசில்லையா" என்று கேட்டுவிட்டேன். அந்த வருடம் புதன்கிழமை வாசகம் நான்தான் வாசித்தேன். "அவரைப் பிடித்துக் கழுத்தை நெரித்து" என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. அடுத்தவரை வாசிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறக்கவில்லை. அடுத்த நாளும் திறக்கவில்லை. மூன்றாம் தடவை திறந்தார். நான் தாளை நீட்டி, "இனி இதைப் பத்திக் கவலைப்படாதீங்கக்கா" என்றேன். அவர் தாளை வாங்கவே இல்லை. "காசு வேண்டாம்னு சொல்ல வந்தீங்களா, மன்னிப்புக் கேட்க வந்தீங்களா?" என்று கேட்டார். நான் மேலே நின்று கீழே கொடுக்கிறவளாகத்தான் போயிருந்தேன். அன்றைக்கு அவர் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். பணத்தைப் பிறகு அவரே நூறு, இருநூறாகக் கொடுத்து முடித்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று அதற்குள் புரிந்திருந்தது.

ஆகவே புதன்கிழமைக்குச் சில எச்சரிக்கைகள். கடனைத் தள்ளுகிறேன் என்று கூட்டத்தில் அறிவிக்காதீர்கள், கடன்பட்டவருக்கு அது இரண்டாவது அவமானம். உங்கள் கடனை மட்டும் தள்ளுங்கள். வீட்டுக்காரர் சம்பாத்தியத்தைக் கேட்காமல் தள்ளுவதும் சரியில்லை. இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன்: அடி வாங்குகிற மனைவியிடமோ, ஏமாற்றப்பட்ட பிள்ளையிடமோ "இயேசுவே மன்னிச்சாரே, நீயும் மன்னிச்சுட்டுப் போ" என்று யாரும் சொல்ல விடாதீர்கள். அதே உவமையில் சக பணியாளர்கள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை, மனம் வருந்தி அரசரிடம் போய்ச் சொன்னார்கள். கழுத்தை நெரிக்கிற கையை விலக்கிவிடுவதும் இரக்கம்தான்.

வியாழனும் வெள்ளியும்: போய்ப் பார்ப்பது

2026இல் பெருவிழாவுக்கு வரும் நற்செய்தி மத்தேயு 25:31-46. அரசர் அரியணையில் உட்கார்ந்து கேட்கிற கணக்கு: பசி, தாகம், அன்னியர், ஆடை, நோய், சிறை. ஆறு. இறந்தோரை அடக்கம் செய்வதைத் தோபித்து நூலை நினைத்துத் திருச்சபை ஏழாவதாகச் சேர்த்தது. இந்த ஏழு செயல்களையும் ஒரு வாரத்தில் செய்கிறேன் என்று கிளம்பாதீர்கள். ஒரு அன்பியம் ஒன்றை எடுத்தால் போதும்.

நாங்கள் பெரும்பாலும் நோயாளிகளைத்தான் எடுப்போம், ஏனென்றால் பெரிய அரசு மருத்துவமனை பக்கம். அதைச் செய்யும் விதம்: ஒரு கட்டிலுக்கு இரண்டு பேருக்கு மேல் போகக் கூடாது. பதினைந்து நிமிடம் போதும். கட்டிலில் உட்காராதீர்கள். என்ன நோய், எப்படி வந்தது என்று விசாரிக்காதீர்கள், அதை அவர்கள் காலையிலிருந்து இருபது பேருக்குச் சொல்லி அலுத்திருப்பார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு நேரே நோயாளியிடம் போகாமல், முதலில் கூட இருப்பவரைப் பாருங்கள். தரையில் பாய் விரித்து நான்கு நாளாகக் கிடக்கிற மகளோ அண்ணனோ இருப்பார். நோயாளிக்கு உணவு வந்துவிடும், இவர்தான் பசியோடு இருப்பார். ஒரு பிளாஸ்க் நிறையச் சூடான கஞ்சி, தொட்டுக்கொள்ளத் துவையல், போன் சார்ஜர், ஒரு கொசுவத்தி. "நீங்க போய்க் குளிச்சுட்டு வாங்க, அதுவரைக்கும் நான் பக்கத்துல இருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். அந்த அரை மணி நேரத்தை விடப் பெரிய உதவி அந்த வார்டில் கிடையாது.

செபம் அவர்கள் கேட்டால் மட்டும். பக்கத்துக் கட்டிலில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துத் தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். சாகக் கிடக்கிறவர் கத்தோலிக்கராக இருந்து, வீட்டார் விரும்பினால், இறை இரக்க செபமாலை நல்லது. 1935இல் வில்னியுஸ் நகரில் போலந்துக் கன்னியாஸ்திரி புனித பவுஸ்தீனா எழுதி வைத்தது, சாதாரண ஜெபமாலை மணியிலேயே சொல்லலாம், பத்து நிமிடம் ஆகாது. சின்ன மணிக்குச் சொல்கிற வரி அந்த நோயாளியோடு நிற்காமல் உலகம் முழுவதற்கும் இரக்கம் கேட்கிறது. பக்கத்துக் கட்டிலும் அதற்குள் வந்துவிடுகிறது.

சிறைக்குப் போக நினைப்பவர்கள் நேரே வாசலில் போய் நிற்க முடியாது. மறைமாவட்டச் சிறைப்பணிக் குழுவோடு சேர்ந்துதான் போக வேண்டும். அதைவிடச் சுலபமானதும் யாரும் செய்யாததும் ஒன்று இருக்கிறது: உள்ளே இருப்பவரின் வீட்டுக்குப் போய், அந்தப் பிள்ளைகளின் பள்ளிப் பையைப் பார்ப்பது. அன்னியர் என்றால் திருச்சிக்காரர்களுக்குக் கொட்டப்பட்டு அகதிகள் முகாம் இருக்கிறது. இலங்கையிலிருந்து வந்து, இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்கும் அன்னியர் என்ற பெயர் போகவில்லை. கட்டட வேலைக்கு வந்திருக்கும் ஒடிசா, பீகார்ப் பையன்களும் இருக்கிறார்கள். வருடத்துக்கு ஒருதரம் பொட்டலம் கொடுப்பதைவிட, நம் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டு நம் பந்தியிலேயே உட்கார வைப்பது மேல்.

போட்டோ எடுக்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம். அந்த நற்செய்தியில் வலப்பக்கம் நின்றவர்கள், "ஆண்டவரே, எப்பொழுது உம்மைக் கண்டோம்" என்று கேட்கிறார்கள். அவர்களிடம் கணக்கே இல்லை. நம் கையில் ஆல்பம் இருந்தால் அந்தக் கேள்வியை நாம் எப்படிக் கேட்பது?

சனி

பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவானவரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெற) போய்விடுங்கள், ஞாயிறு காலை வரிசை நீளமாக இருக்கும். பீடத்துத் துணியும் திருவுடையும் வெள்ளை. சுரூபத்து மேலாடை எங்கள் ஊர் வழக்கப்படி சிவப்பு. இஸ்திரி போடும்போது வெல்வெட்டை நேராகத் தேய்க்கக் கூடாது, திருப்பிப் போட்டு லைனிங் பக்கம் தேய்க்க வேண்டும்.

ஞாயிறு

திருப்பலியில் முதல் வாசகம் எசேக்கியேல் 34. காணாமல் போனதைத் தேடுவேன், காயப்பட்டதற்குக் கட்டுப்போடுவேன் என்று ஆண்டவர் சொல்கிற இடம். இஸ்ரயேலின் அரசர்கள் மந்தையைக் கவனிக்காமல் தங்களையே மேய்த்துக்கொண்டதால், இனி நானே மேய்ப்பேன் என்று அவர் வருகிறார். வாரம் முழுக்க நடந்து திரிந்த கால்களோடு அதைக் கேட்டுப் பாருங்கள். இந்த நாளில் மனுக்குலத்தை அரசருக்கு ஒப்புக்கொடுக்கும் செபம் உண்டு. திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ 1899இல் தந்தது. இன்று அதைக் கோவிலில் பொதுவாகச் சொல்பவர்களுக்குப் பாவசங்கீர்த்தனம், நற்கருணை, திருத்தந்தையின் கருத்துக்காகச் செபம், பாவத்தில் பற்றில்லாத மனம் ஆகிய வழக்கமான நிபந்தனைகளோடு பரிபூரண பலன் (பாவத்துக்கான தண்டனை முழுவதும் நீங்கும் பேறு) உண்டு. உபதேசியாரிடம் முன்கூட்டியே சொல்லி அச்சடித்து வையுங்கள்.

மாலையில் பவனிக்கு வழி போடும் கூட்டத்தில் நீங்கள் இருந்தால் ஒன்று கேளுங்கள்: படுக்கையில் இருப்பவர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள்? வழியை அந்தத் தெரு வழியாகப் போடுங்கள். சந்து குறுகலாக இருந்தால் சப்பரத்தை முனையில் நிறுத்தி, பேண்டை நிறுத்திவிட்டு, குருவானவர் உள்ளே போய் ஆசீர்வதித்து வரட்டும். எங்களுக்கு இதனால் முக்கால் மணி நேரம் தாமதமாகிறது. பட்டாசுக்காரர்கள் முதல் வருடம் முணுமுணுத்தார்கள். இப்போது அவர்களே எந்த வீட்டில் நிற்க வேண்டும் என்று முன்னால் போய்ப் பார்த்து வருகிறார்கள்.

திங்கள் காலை மேலாடையைக் காற்றாட விரித்துவிட்டு, சரிகைக்குள் மெல்லிய தாள் வைத்து மடித்து எடுத்து வையுங்கள். பிறகு வார்டுக்குப் போய், கொடுத்த பிளாஸ்க் காலியா என்று பாருங்கள். அந்த நோயாளி இன்னும் அங்கே இருந்தால் கழுவி, திரும்பக் கஞ்சி ஊற்றிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.